நல்லெண்ணம் மட்டும் மருந்தாகுமா?

ஒருவன் நல்லெண்ணத்தோடு ஒரு நோயாளிக்கு மருந்து கொடுக்கிறான். அம்மருந்து நோயைத் தீர்க்கவில்லை; அதை நம்பியிருந்த நாட்களில் நோய் முற்றி உயிருக்குக் கேடு நேர்கிறது. கொடுத்தவன்மேல் குற்றம் உண்டா, இல்லையா? இக்கேள்வி நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களில் பலமுறை எழுந்துள்ளது. “எண்ணமே வினை என்பது பகவன் புத்தரின் போதனை, எண்ணம் தூயதாயிருக்கக் குற்றம் எங்கிருந்து வரும்?” என்று அன்பர் பலர் விடை கூறியுள்ளனர். யாமும் ஒரு காலத்தில் அவ்விடையையே கூறி வந்தோம். இன்று அதைக் கூற எம் நா எழுவதில்லை. அதற்குரிய காரணத்தை மறைக்காமல் இங்கே எழுதுகிறோம்.

முப்பது ஆண்டுகளுக்கு முன்பு யாம் பெங்களூரில் ஒரு பஞ்சாலையில் நூற்புப் பகுதித் தொழிலாளியாய் இருந்தோம். ஸ்ரீராமபுரத்தில் ஒண்டுக் குடித்தன வீடு. எம் பாட்டியார் சுரத்துக்குக் கஷாயம் காய்ச்சுவதில் பெயர் பெற்றவர். நிலவேம்பு, சுக்கு, மிளகு, இன்னும் இரண்டு மூன்று சரக்குகள் சேர்த்து, எட்டுப் பங்கு நீரை ஒரு பங்காக வற்றக் காய்ச்சும் அந்த முறையை யாம் அவரிடம் கற்றிருந்தோம். ஆலை வேலை முடிந்தபின் வந்து கேட்டவர்க்கெல்லாம் காசு வாங்காமல் கொடுத்து வந்தோம். அதில் எமக்கு ஒரு பெருமிதமும் இருந்தது.

எம் வரிசையில் வாழ்ந்த ஒரு குடும்பத்தார் மங்களூருக்குக் கட்டட வேலைக்குச் சென்று சில மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தனர். வந்த பத்தாம் நாள் அவர்களுடைய ஒன்பது வயது மகனுக்குக் குளிர்சுரம் கண்டது. போர்வைமேல் போர்வை போர்த்தியும் நடுக்கம் தீரவில்லை. பிறகு உடல் கொதித்தது. பிறகு வியர்த்து ஓய்ந்தது. அன்று மாலை யாம் கஷாயம் கொடுத்தோம். மறுநாள் காலையில் பிள்ளை எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டான். தாயார் எம் வாசலில் வந்து நின்று, “அண்ணா, உங்கள் கஷாயத்தால் என் பிள்ளை பிழைத்தான்” என்றார். எமக்கு மனம் குளிர்ந்தது. அவ்வாரம் பணிமுறை மாறும்போது ஆலை வாயிலில் பத்துப் பேருக்காவது அச்செய்தியைச் சொல்லியிருப்போம்.

மலேரியாவின் இயல்பை அன்று யாம் அறியோம். கொசு கடிக்கும்போது உடலில் புகும் அந்த நுண்ணுயிர் முதலில் ஈரலில் தங்கிப் பெருகுகிறது. பிறகு இரத்தத்தின் சிவப்பணுக்களுள் புகுந்து வளர்ந்து, அவற்றை உடைத்துக்கொண்டு வெளிவருகிறது. வெளிவரும் வேளையில்தான் குளிரும் சுரமும். வைவாக்ஸ் என்னும் வகையில் இது பெரும்பாலும் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை நிகழும். ஆகையால் ஒருநாள் சுரம், மறுநாள் ஓய்வு என்று மாறிமாறி வருவது அந்நோயின் சொந்த நடையாகும். நம் முன்னோர் இதனை முறைச்சுரம் என்றது இதனால்தான். அந்த ஓய்வு நாள் கஷாயம் கொடுத்தாலும் வரும், கொடுக்காவிட்டாலும் வரும். யாமோ அதை எம் கணக்கில் வரவு வைத்துக்கொண்டோம்.

மூன்றாம் நாள் சுரம் மீண்டது. “கஷாயம் இன்னும் இரண்டு வேளை வேண்டும்” என்றோம். மறுநாள் தணிந்தது. இவ்வாறு இரண்டு வாரம் கழிந்தது. பிள்ளை வெளுத்துப் போனான். இடப்பக்கம் மண்ணீரல் வீங்கிக் கைக்குத் தட்டுப்பட்டது. அப்போதுதான் தந்தையார் அவனை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார். விரல்நுனி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்துப் பெயர் சொன்னார்கள், மாத்திரை கொடுத்தார்கள், பிள்ளை தேறினான். இதனோடு முடிந்திருந்தால் இக்கட்டுரை எழுத வேண்டிய அவசியம் எமக்கு நேர்ந்திராது.

அவனுக்கு இரண்டு வயதில் ஒரு தங்கை இருந்தாள். அண்ணனுக்காகப் பெற்றோர் மருத்துவமனையில் காத்துக் கிடந்தபோது அவளுக்கும் சுரம் கண்டது. வீட்டில் இருந்த முதிய உறவினர், எம் கஷாயத்தில் எஞ்சியிருந்ததை அவளுக்குப் புகட்டினார். எம்மிடமும் வந்து சொன்னார். “கொடுங்கள், நல்லதுதான்” என்றோம். மூன்றாம் நாள் அக்குழந்தைக்கு வலிப்பு வந்தது, நினைவு தப்பியது. மருத்துவமனையில் அவள் இரத்தத்தில் கண்டது அண்ணனுக்கு வந்த வகை அன்று. மூளையைத் தாக்கிக் கொல்லக்கூடிய ஃபால்சிபாரம் என்னும் வகை. மறுநாள் விடியுமுன் அவள் இறந்தாள்.

அடக்கம் முடிந்து திரும்பியபோது, தாயார் எம்மைப் பார்த்து, “அண்ணா, நீங்கள் மனம் வருந்தாதீர்கள், நல்லதைத்தானே நினைத்தீர்கள்” என்றார். அவர் எம்மை ஏசியிருந்தால் காலப்போக்கில் மறந்திருப்போம். அந்த மன்னிப்பு எம்மைவிட்டு நீங்கவில்லை. நல்லதை நினைத்தோம் என்பது உண்மை. அது போதுமா என்பதே கேள்வி.

தம்மபத உரையில் சக்குபாலர் என்னும் தேரரின் வரலாறு வருகிறது, அன்பர்கள் அறிந்ததே. அவர் கண்ணிழந்தவர். மழை பெய்து ஓய்ந்த இரவில் அவர் உலாவியபோது காலடியில் பூச்சிகள் பல மடிந்தன. பிக்குகள் பகவனிடம் முறையிட்டனர். அவர் அவற்றைக் காணவில்லை, கொல்லும் எண்ணம் அவர்க்கில்லை, ஆகையால் குற்றமில்லை என்பது பகவனின் தீர்ப்பு. அதே வரலாற்றின் பிற்பகுதியில் சக்குபாலரின் முற்பிறப்புக் கதை உண்டு. அப்பிறப்பில் அவர் ஒரு கண் வைத்தியர். கூலி கொடுக்காமல் ஏய்க்க நினைத்த ஒரு பெண்ணின் கண்ணை, வேண்டுமென்றே தீய மருந்திட்டுக் குருடாக்கினார்.

ஒரு கோடியில் காண இயலாமல் தீங்கு செய்தவர் நிற்கிறார், அவர்மேல் குற்றமில்லை. மறுகோடியில் கண்டும் தீங்கு செய்த வைத்தியர் நிற்கிறார், அவர் குற்றவாளி. யாம் எங்கே நின்றோம்? எம் எண்ணத்தில் தீமை இல்லை. எனவே யாம் அந்த வைத்தியர் அல்லோம். ஆனால் எமக்குக் கண் இருந்தது. எனவே யாம் அந்தத் தேரரும் அல்லோம். கண்ணிருந்தும் மூடிக்கொண்டு நடந்தவர் யாம். பகவன் பழித்த பிரமாதம் என்னும் அசட்டை இதுவே. எண்ணமே வினை என்னும்போது, ‘இவன் பிழைக்க வேண்டும்’ என்னும் ஆசை மட்டும் எண்ணமாகாது. ‘இவன் பிழைக்கிறானா’ என்று பார்க்கும் கவனமும் அவ்வெண்ணத்தின் பாதியாகும். பின்பாதி இல்லாத நல்லெண்ணம் பெரும்பாலும் தன்னையே நேசித்துக்கொள்ளும் எண்ணமாய் முடிகிறது. எம் அனுபவம் அதுதான்.

பார்த்தல் என்பது பெரிய பள்ளியில் கற்க வேண்டிய வித்தை அன்று. 1883இல் இதே பெங்களூரில் ரொனால்டு ராஸ் என்னும் இளம் இராணுவ வைத்தியர் தங்கியிருந்தார். தம் அறையில் மட்டும் கொசு மிகுந்திருப்பதைக் கண்டு தேடினார். சன்னலுக்கு வெளியே இருந்த நீர்த்தொட்டியில் அவை பிறப்பதை அறிந்தார். நீரைக் கொட்டியதும் கொசு குறைந்தது. அவரே 14 ஆண்டுகள் கழித்து, 1897 ஆகஸ்டு 20ஆம் நாள், செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். சன்னலோரத்துத் தொட்டியைப் பார்த்த அதே பழக்கம்தான் பின்னர் கொசுவின் வயிற்றையும் பார்த்தது.

இனி, மூலிகைகளைச் சோதித்தபோது தெரிந்தது என்ன என்று பார்ப்போம். ஏழிலைப்பாலைப் பட்டை, கடுகுரோகிணி, இமயமலைப் பகுதியின் கசப்பான சிரத்தைச் செடி, கழற்சி ஆகிய நான்கையும் சேர்த்து ஆயுஷ்-64 என்னும் மருந்தை நம் நாட்டு ஆயுர்வேத ஆராய்ச்சியாளர் உருவாக்கினர். மலேரியாவுக்கு அது மிக நன்று என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது. பிறகு மலேரியா ஆராய்ச்சி மையத்தார், வைவாக்ஸ் கண்ட நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு அம்மருந்தும் மறுபிரிவினர்க்குக் குளோரோக்வினும் கொடுத்து, 28 நாள் வரை இரத்தத்தைப் பார்த்து வந்தனர். 2000ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. குளோரோக்வின் உண்டவர் அனைவர்க்கும் நோய் நீங்கியிருந்தது. மூலிகை மருந்து உண்டவருள் ஏறத்தாழப் பாதிப் பேர்க்கே நீங்கியிருந்தது.

இம்முடிவைப் படித்தபோது எமக்கு ஒன்று விளங்கியது. அந்தப் பாதிப் பேர் ஊருக்குத் திரும்பி என்ன சொல்வார்? “மூலிகை என்னைக் காப்பாற்றியது” என்று சத்தியம் செய்வார். அவர் சொல்வதில் பொய் இல்லை. மற்றப் பாதிப் பேரோ வேறு மருத்துவரைத் தேடிப் போவார். அல்லது பேச முடியாத நிலையில் இருப்பார். ஊரில் ஒலிப்பது முதற்பாதியின் குரல் மட்டுமே. பத்துப் பேர் பாராட்டினார் என்று யாம் மகிழ்ந்தபோது, வராமற்போனவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்ததே இல்லை. 28ஆம் நாள் வரை காத்திருந்து, வந்தவரையும் வராதவரையும் சேர்த்து எண்ணுவதே சோதனை என்பதன் பொருள்.

எம்மைப் போன்ற தொழிலாளிக்கு இது புதிய செய்தி அன்று என்பதே வெட்கம். ஆலையில் நூலின் நம்பர் சரிதானா என்று அறிய, மேற்பார்வையாளர் எம்மிடம் வந்து “நன்றாக நூற்றாயா?” என்று கேட்பதில்லை. யாம் தேர்ந்தெடுத்து நீட்டும் பாபினையும் அவர் வாங்குவதில்லை. ஒவ்வோர் இயந்திரத்திலிருந்தும் தாமே எடுப்பார். 120 கஜம் சுற்றி நிறுத்துப் பார்ப்பார். பிறகு அதையே கொக்கியில் மாட்டி அறும்வரை இழுத்து அதன் பலத்தைக் குறித்துக்கொள்வார். எங்கள்மேல் ஐயம் கொண்டு அவர் அவ்வாறு செய்யவில்லை. நூற்றவனின் கண் தன் நூலில் குறை காணாது என்பது ஆலை அறிந்த உண்மை. ஒரு முழம் துணிக்கு இத்தனை கவனம் வேண்டும் என்று அறிந்திருந்த யாம், ஒரு குழந்தையின் வாயில் ஊற்றும் மருந்துக்கு எதையும் கேட்கவில்லை.

இங்கே ஓர் அன்பர் எழுந்து கேட்பார்: “சோதனை என்றால் உயிர்க்கொலை அன்றோ? எலியைப் பிடித்து நோயை ஏற்றி, மருந்திட்டும் இடாமலும் அது சாவதைப் பார்ப்பது பஞ்சசீலத்தின் முதற்சீலத்துக்கு ஒக்குமோ?” இது தட்டிக் கழிக்கத் தக்க கேள்வி அன்று. நம் பெங்களூரிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. இந்திய விஞ்ஞானக் கழகத்தில் கோவிந்தராஜன் பத்மநாபன் முதலியோர், மஞ்சளில் உள்ள குர்க்குமின் என்னும் பொருளை மலேரியாக் கிருமிக்கு எதிராகச் சோதித்தனர். அவர்கள் 2005இல் வெளியிட்ட முடிவின்படி, எலிகளுக்கு அதை வாய்வழியே கொடுத்தபோது இரத்தத்தில் கிருமிகள் 80 முதல் 90 விழுக்காடு குறைந்தன. மறு ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில், ஆர்ட்டிமிசினின் வகையைச் சேர்ந்த ஒரு மருந்தை ஒருமுறை ஊசியால் ஏற்றி, பின்னர் மூன்று வேளை குர்க்குமின் கொடுத்தபோது, நோய் மீளாமல் ஏறத்தாழ எல்லா எலிகளும் பிழைத்தன.

கேட்போர் உள்ளம் உடனே துள்ளும்: “மஞ்சளே போதும்!” ஆனால் அந்த ஆராய்ச்சி அவ்வாறு சொல்லவில்லை. குர்க்குமின் மனித உடலில் எளிதில் இரத்தத்தில் கலப்பதில்லை. எலிக்கு ஏற்றது மனிதர்க்கும் ஏற்கும் என்ற உறுதியும் இல்லை. இன்றுவரை மலேரியாச் சிகிச்சைக்கான அரசு முறையில் மஞ்சளுக்கு இடமில்லை. கண்ணாடிக் குழாயில் கிருமியைக் கொல்லும் சாறுகள் பல. எலியின் உடலில் கொல்பவை சில. மனித உடலில் நஞ்சாகாமல் நோயைத் தீர்ப்பவை அரிதினும் அரிது. ஒவ்வொரு படியிலும் நின்று, அடுத்த படி ஏறும்வரை வாய்திறவாமல் இருப்பதே ஆராய்ச்சியாளரின் சீலம்.

எலியின் கேள்விக்கு வருவோம். சோதிக்கப்பட்ட நூல் அறுந்து கழிவாகப் போயிற்று. அது அறுந்ததனால்தான் மற்ற நூலின் பலம் தெரிந்தது. ஆனால் எலி நூல் அன்று. அதற்கு வலி உண்டு. உயிர்மேல் ஆசை உண்டு. எலியைக் கொல்லுவதில் குற்றமே இல்லை என்று யாம் கூற மாட்டோம். அவ்வாறு கூறினால் சீலத்தை நம் வசதிக்கேற்ப வெட்டித் தைத்தவராவோம். அது ஒரு கடன். கடன் வாங்காமல் முடிக்கக்கூடிய இடத்தில் வாங்கலாகாது; வாங்கியே தீரவேண்டின் வேண்டிய அளவுக்கு மேல் வாங்கலாகாது; வாங்கியதை மறக்கவும் கூடாது.

ஆயினும், சோதிக்காதவன் அக்கடனிலிருந்து தப்பினான் என்று எண்ணுதல் பெரும் பிழை. யாம் எந்த எலியையும் கொல்லவில்லை. எம் கை தூயது என்றிருந்தோம். ஆனால் எம் கஷாயம் மலேரியாவைத் தீர்க்குமா என்னும் சோதனை எம் தெருவில் நடந்தே தீர்ந்தது. அது இரண்டு வயதுக் குழந்தையின் உடலில் நடந்தது. அவள் தாயிடம் யாரும் இசைவு கேட்கவில்லை. இரத்தம் பார்க்கவில்லை. முடிவை எந்த ஏட்டிலும் எழுதவில்லை. எழுதாததனால், அதே தெருவில் மறுவாரம் இன்னொருவர் அதே சோதனையை மீண்டும் செய்திருக்கக் கூடும். அன்பர்களே, ஆராயாமல் கொடுக்கப்படும் ஒவ்வொரு மருந்தும் ஒரு சோதனையே. கணக்கு எழுதப்படாத சோதனை. எழுதப்பட்ட சோதனையில் இறந்த உயிர் பின்வரும் உயிர்களுக்கு உதவுகிறது. எழுதப்படாத சோதனையில் இறந்த உயிர் எவர்க்கும் எதையும் கற்பிக்காமல் போய்விடுகிறது. இரண்டினுள் எது கொடியது என்பதை அன்பர்களே எண்ணிப் பாருங்கள்.

சோதனை யார் உடலில் நடக்கிறது என்னும் கேள்வியும் நமக்கு உண்டு. நம்மவர்க்கு அது வரலாற்றுக் கேள்வி. 1860 முதல் நீலகிரியில் ஆங்கில அரசு சிங்கோனா மரங்களை வளர்த்தது; நடுவட்டத்துத் தோட்டத்தில் சிறைக்கைதிகளும் வேலை செய்தனர். அம்மரப்பட்டையில் கொயினாவோடு வேறு மூன்று காரப்பொருள்களும் உண்டு. அவை பயன்படுமா என்று அறிய 1866 முதல் 1868 வரை சுமார் 3,600 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். நான்கும் ஏறத்தாழ ஒன்றுபோலவே, நூற்றுக்கு 98 பேருக்கு மேல் சுரத்தை நிறுத்தின. அதனால் மலிவான மருந்து ஏழைக்கும் கிட்ட வழி பிறந்தது. அந்த 3,600 பேரின் பெயர்களோ நமக்குத் தெரியா. இன்று சட்டம் மாறியுள்ளது. சோதனைக்கு உட்படுவோர்க்கு விளங்கும் மொழியில் விளக்கி இசைவு பெற வேண்டும். அறக்குழு ஆராய்ந்து ஒப்ப வேண்டும். 2009 முதல் மருந்துச் சோதனைகளை அரசுப் பதிவேட்டில் முன்னதாகவே பதிய வேண்டும். இவ்வுரிமைகளை அறிந்து கேட்பது நம் கடமை. “எம் உடலில் சோதிக்காதே” என்று சினப்பதைவிட, “எம்மிடம் சொல்லாமல் சோதிக்காதே, கண்டதை மறைக்காதே” என்று உரிமையோடு கேட்பதே அறிவு.

இறுதியாக, எம்மைப் பல ஆண்டுகள் கட்டி வைத்திருந்த ஒரு மயக்கத்தைச் சொல்ல வேண்டும். நம் முன்னோர் மருத்துவம் அறிந்தவர். 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய அயோத்திதாசப் பண்டிதரே சித்த வைத்தியர். நம்மை அறிவற்றவர் என்று இகழ்ந்த ஊரில், நம் பாட்டியின் கஷாயம் நமக்கு ஒரு மானமாக விளங்கியது. அதைச் சோதிக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னால், நம் பாட்டியை ஐயுற்றதாக நமக்குத் தோன்றும். ஐயுறாமல் ஏற்றுக்கொள்வதே மரியாதை என்று எண்ணினோம்.

சீவகரின் கதை இம்மயக்கத்தை நீக்கும். தட்சசீலத்து ஆசிரியர் அவரை ஒரு யோசனைத் தூரம் சுற்றிவந்து, மருந்தாகாத செடி ஒன்று கொண்டுவருமாறு பணித்தார். சீவகர் தேடிப் பார்த்து, அத்தகைய செடி ஒன்றும் இல்லை என்று வெறுங்கையோடு திரும்பினார். மூலிகை அன்பர் பலர் இக்கதையைச் சொல்லி, “எல்லாச் செடியும் மருந்தே” என்று முடிப்பர். ஆனால் சீவகர் கேட்டறிந்ததைச் சொல்லவில்லை. நடந்து, குனிந்து, ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே சொன்னார். எல்லாச் செடியும் எல்லா நோய்க்கும் மருந்து என்று அவர் சொல்லவும் இல்லை. மரபு என்பதனாலோ, ஆசான் சொன்னார் என்பதனாலோ ஒன்றை ஏற்காதீர் என்று காலாமர்க்குப் பகவன் உரைத்ததும் இதனோடு பொருந்துகிறது.

முன்னோரை மதித்தவர் ஒருவரைச் சீன நாட்டில் காண்கிறோம். 1967இல் அந்நாட்டு அரசு மலேரியாவுக்குப் புது மருந்து தேடும் திட்டத்தைத் தொடங்கியது. அதில் ஈடுபட்ட தூ யூயூ என்னும் அம்மையார் பழைய ஏடுகளிலும் வைத்தியர்களிடமும் 2,000 குறிப்புகளைத் திரட்டினார். சுமார் 200 மூலிகைகளிலிருந்து 380 சாறுகளை எடுத்து எலிகளில் சோதித்தார். மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் சாறு ஒருமுறை பலித்தது, மறுமுறை பலிக்கவில்லை. நான்காம் நூற்றாண்டில் கோ ஹோங் எழுதிய நூலை அவர் மீண்டும் படித்தபோது, அச்செடியைக் காய்ச்சச் சொல்லாமல், நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருப்பது கண்ணில் பட்டது. சூடு மருந்தைக் கெடுக்கிறது என்று உய்த்துணர்ந்து, குறைந்த சூட்டில் கொதிக்கும் ஈதரைக் கொண்டு சாறு எடுத்தார். 1971 அக்டோபரில், 191ஆம் எண்ணிட்ட அச்சாறு எலிகளில் கிருமியை முற்றிலும் ஒழித்தது. நோயாளிகளுக்குக் கொடுப்பதற்கு முன், 1972இல் அவரும் உடன் உழைத்தோரும் தாங்களே அதை உட்கொண்டு பார்த்தனர். அதிலிருந்து வந்ததே ஆர்ட்டிமிசினின். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

2,000 குறிப்புகளையும் அப்படியே போற்றியிருந்தால் அந்த ஒன்று மற்றவற்றுள் புதைந்தே கிடந்திருக்கும். 1,600 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எழுதிய ஒரு வரியை, ஒரு சொல் விடாமல் படித்துப் பார்த்தவரே அவர்க்கு உண்மையான மரியாதை செய்தவர். அச்செடியையே வீட்டில் தேநீராக்கிக் குடித்து மலேரியாவைத் தீர்க்கலாம் என்று இன்று சிலர் சொல்கின்றனர். அதில் மருந்தின் அளவு போதாது, நிலையாகவும் இராது, நோய் மீளவும் கிருமி மருந்துக்குப் பழகவும் இடம் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் எச்சரித்துள்ளது. செடி ஒன்றே, கண் திறந்து எடுத்தால் மருந்து, கண் மூடி எடுத்தால் ஏமாற்றம்.

ஆகவே அன்பர்களுக்கு யாம் விண்ணப்பிப்பது இது. குளிரும் சுரமும் கண்டால் முதலில் இரத்தம் பார்க்கச் செய்யுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரல்நுனிக் குருதி ஒரு துளி போதும், காசில்லை. எந்த வகைக் கிருமி என்பதை அத்துளியே சொல்லும். கைநாடியும் பாட்டியின் அனுபவமும் சொல்லா. வைவாக்ஸ் என்றால், குளோரோக்வின் மூன்று நாளில் முடிந்தாலும், ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமியை ஒழிக்க மருத்துவர் ப்ரைமாக்வின் கொடுத்தால், அதை 14 நாளும் விடாமல் உண்ணுங்கள். உடல் தேறியது என்று நடுவில் நிறுத்துவதும் முன்பு யாம் செய்த அதே தவறுதான்.

உங்கள் வீட்டில் பழைய கைமுறை இருக்குமாயின், அதை எறியாதீர்கள், எழுதி வையுங்கள். எந்தச் செடி, எந்தப் பகுதி, எந்த அளவு, எந்தச் சூடு, எந்தச் சுரத்துக்கு என்று எழுதுங்கள். செடியின் ஒரு கிளையை உலர்த்தித் தாளில் ஒட்டி வையுங்கள். ஏனெனில் வடக்கே சிரத்தை என்றும் தெற்கே நிலவேம்பு என்றும் ஒன்றுக்கொன்று மாற்றி விற்கப்படுபவை இருவேறு செடிகள். பலிக்காமற்போன நாளையும் எழுதுங்கள். அதை எழுத மனம் கூசும், ஆயினும் எழுதுங்கள். பிறகு சோதிக்க வல்லவரிடம், உங்கள் பெயரும் உரிமையும் அழியாதவாறு, ஒப்படையுங்கள்.

யாம் இன்றும் எம் பாட்டியாரை வணங்குகிறோம். தலைவலிக்கும் சளிக்கும் யாம் உண்பது அவர் கஷாயமே. ஆனால் பிறர் பிள்ளையின் குளிர்சுரத்துக்கு அதை எடுக்க எம் கை நீள்வதில்லை. “நல்லதைத்தானே நினைத்தீர்கள்” என்ற அத்தாயின் சொல்லுக்கு அன்று யாம் விடை கூறவில்லை. இன்று கூறுவோமாயின் இவ்வாறு கூறுவோம்: “நினைத்தோம், தங்கையே, பார்க்கவில்லை. பார்க்காமல் நினைத்தது பாதி நினைப்பு. மறுபாதியை உன் மகளிடம் கற்றுக்கொண்டோம்.”

எல்லா உயிர்களும் நோயின்றி வாழ்க.